சான்றிதழ் வந்தாச்சு, வேலை எப்போது?

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. எல்லாம் இ.எம்.டி. படிப்பை, அதாவது அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியை, இப்போதுதான் முடித்தவர்கள் எழுதியவை. சரி, இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே என்று முடிவு செய்துவிட்டேன். நான் 19 வருடம் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் உட்கார்ந்தவன். கடைசி 6 வருடமாக ஆள் எடுக்கும் மேசையிலும் உட்கார்கிறேன். இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பயிற்சி முடித்து 4 மாதம் ஆகிறது. 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டே இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் "அனுபவம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

கோபம் நியாயம்தான். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்திருக்கிறேன். ஆனால் கேட்கும்போது என் மனதில் என்ன ஓடும் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே யோசித்துப் பாருங்கள். ராத்திரி 3 மணி. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. 90 கிலோ ஆளைக் கீழே இறக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு என்னுடைய பழைய ஆள் ஒருவரை இந்தப் புதுப் பையனோடு அனுப்பினால், அவர் மறுநாள் வந்து "இனி இவனோடு போட்டால் நான் வரமாட்டேன்" என்று சொல்வாரா, மாட்டாரா? இதற்குப் பதில் தெரியாததால்தான் அனுபவம் எவ்வளவு என்று கேட்கிறோம். மாதக் கணக்கைச் சொல்ல முடியாவிட்டாலும், இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உங்களிடம் வேறு சரக்கு இருக்கிறது.

முதலில் உங்கள் விண்ணப்பம். நீங்கள் அனுப்பியிருந்த நகலில் ஒரு வரி: "பயிற்சியின்போது பல்வேறு அவசர நிலைகளைத் திறம்படக் கையாண்டேன்." இந்த வரி எனக்கு வரும் பத்து விண்ணப்பத்தில் எட்டில் இருக்கிறது. படித்த கையோடு மறந்துபோகும். பயிற்சியில் நீங்கள் கையெழுத்து வாங்கிய பதிவேடு இருக்கிறதல்லவா? அதை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வண்டியில் எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு நீங்களே பி.பி. பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு ஆக்ஸிஜன் வைத்தீர்கள், எத்தனை பேரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினீர்கள். எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "பி.பி. 43 பேர். ஆக்ஸிஜன் 11 பேர். சி.பி.ஆர். ஒருவர், பிழைக்கவில்லை." சி.பி.ஆர். என்பது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதிக் காப்பாற்றப் பார்ப்பது. அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவனைக் கூப்பிட்டோம். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் நோயாளியின் விவரம் எழுதும் கேஸ் ஷீட்டையும் அப்படித்தான் எழுதுவான் என்று தோன்றியது. அவன் இன்னமும் எங்களோடுதான் இருக்கிறான்.

இரண்டாவது, எல்லோரும் ஒரே வாசலில் போய் நிற்கிறீர்கள். சைரன் போட்டு ஓடும் வண்டியில்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வண்டி, மருத்துவமனை மாற்றும் வண்டி, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். புதிதாகப் படித்தவர்கள் அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. படுக்கையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கும், அங்கிருந்து சக்கர நாற்காலிக்கும் ஒரு நாளில் 12 தடவை ஆளை மாற்றினால் கை தானாகப் பழகிவிடும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த கையில் பி.பி. பட்டை கட்டக் கூடாது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் மறப்பார்கள். அந்த வண்டியில் போனவர்கள் மறக்க மாட்டார்கள். அப்புறம் இன்னொன்று. வாரம் மூன்று நாள் அதே நோயாளியைப் பார்ப்பீர்கள். எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு பெண், முன்பு அந்த வண்டியில் இருந்தவர். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வரும் ஒரு பாட்டி அன்றைக்குப் பேசவில்லையாம். "பாட்டி, சிரிங்க" என்றிருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது. டயாலிசிஸை விட்டுவிட்டு, பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பச் சொல்லி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுக் குறித்திருக்கிறார். நேர்காணலில் இதைச் சொன்னபோது அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உதவியாளர், விளையாட்டுப் போட்டி, திருவிழா, கச்சேரி போன்ற இடங்களில் காத்திருக்கும் முதலுதவிக் குழு, தொழிற்சாலை, சுரங்கம், கட்டட வேலை நடக்கும் இடம், அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை. இவையெல்லாம் அனுபவக் கணக்கில் வரும். கட்டுப்பாட்டு அறையில் 6 மாதம் இருந்தவர் நோயாளியிடம் கேள்வி கேட்கும் விதமே தனி.

மூன்றாவதும் முக்கியம். நிரந்தர வேலைக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். எந்த ஆம்புலன்ஸ் சேவையிலும் யாராவது லீவு போட்டுக்கொண்டே இருப்பார்கள். "லீவு ஆள் தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பேன்" என்று எழுதிக் கொடுங்கள், சொன்னபடி வந்தும் நில்லுங்கள். மாற்று ஆளாக நாலு ஷிப்ட் பார்த்தவரை எங்கள் டிரைவர்களே சிபாரிசு செய்வார்கள். அவர்கள் வாக்குக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் இல்லை.

கேள்வி: நேர்காணலில் செய்முறைத் தேர்வு வைக்கிறார்களாம். என்ன பார்ப்பீர்கள்? சி.பி.ஆர். நன்றாகச் செய்வேன்.

சி.பி.ஆர். எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுதாக எழும்ப விட்டு, 30-க்கு 2 மூச்சு. இதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. களைத்துப்போன பிறகும் "நானே செய்கிறேன்" என்று பிடிவாதம் பிடிப்பதில்தான் தவறுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்கள், மாறும்போது இடைவெளி 10 விநாடியைத் தாண்ட விடாதீர்கள்.

நான் வைக்கும் தேர்வு வேறு. மேசை மேல் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர், பை வைத்த மாஸ்க், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், பி.பி. கருவி. நாற்காலியில் எங்கள் ஆள் ஒருவர் மூச்சு வாங்குகிற மாதிரி நடிப்பார். "இவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன் வையுங்கள்." அவ்வளவுதான்.

பத்துப் பேரில் ஏழு பேர் மாஸ்க்கை எடுத்து நேராக முகத்தில் மாட்டுவார்கள். பை சப்பையாகத் தொங்கும். நாற்காலியில் இருப்பவர் உள்ளே இழுத்தால் பை முதலில் நிரம்பியிருக்க வேண்டுமே, அது தோன்றாது. மற்ற மூவரில் இருவர் பையை நிரப்பிவிட்டு மாட்டுவார்கள். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள்ளைப் பார்ப்பவர் ஒருவர்.

அப்படிப் பார்த்த ஒரு பெண்ணை இன்னும் நினைவிருக்கிறது. சிலிண்டரைத் திறந்தார், முள்ளைப் பார்த்தார், 400-இல் நின்றது. நான்தான் அப்படி வைத்திருந்தேன். ஒரு நொடி உதடு அசைந்தது, மனக்கணக்கு. "சார், இது ரெண்டு நிமிஷம்தான் வரும். வேற சிலிண்டர் இருக்கா?" என்றார். அதைச் சொல்லிக்கொண்டே மாஸ்க்கின் உள்ளே இருக்கும் வால்வை விரலால் அடைத்துப் பையை நிரப்பி, நோயாளியிடம், "அய்யா, முகத்துல காத்து வரும், பயப்படாதீங்க, சாதாரணமா மூச்சு விடுங்க" என்றும் சொன்னார்.

அந்தக் கணக்கு உங்களுக்கும் வர வேண்டும். முள் காட்டும் பி.எஸ்.ஐ. அளவில், அதாவது அழுத்த அளவில், 200-ஐக் கழியுங்கள்; அது தொடக் கூடாத கையிருப்பு. மிச்சத்தை, டி அளவுச் சிலிண்டர் என்றால் 0.16-ஆல் பெருக்குங்கள், இ அளவு என்றால் 0.28. வருவதை லிட்டர் ஓட்டத்தால் வகுத்தால் நிமிடம். 400-இல் 200 போனால் 200, அதை 0.16-ஆல் பெருக்கினால் 32 லிட்டர், 15 லிட்டர் ஓட்டத்தில் இரண்டு நிமிடம். 2000 காட்டும் நிரம்பிய டி சிலிண்டரே 15 லிட்டரில் 19 நிமிடம்தான். வண்டியிலிருந்து இறங்கி, மாடி ஏறி, ஆளைப் பார்த்து, இறக்கி, திரும்பி ஏற்ற 19 நிமிடம் போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம்? வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். காலை ஷிப்டில் வண்டியைச் சரிபார்த்து எழுதும் தாள் இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்தவர் "எல்லாம் சரியா இருக்கு" என்றார். நான் 'சிலிண்டர்' என்ற இடத்தில் டிக் போட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மதியம் ஒரு முதியவர், ஆஸ்துமா. பாதி வழியில் மாஸ்க்கின் பை மெதுவாகச் சுருங்கியது. முள் சிவப்பில். மாற்றுச் சிலிண்டர் பக்கத்திலேயே இருந்தது, நிரம்பி இருந்தது. அதைத் திறக்கும் சாவிதான் இல்லை. பையில் தேடினேன், டிராயரில் தேடினேன். டிரைவரிடம் சொன்னேன், அவர் மிதித்தார். 6 நிமிடம். முதியவரை முன்பக்கம் சாய்ந்து உட்கார வைத்து, காலியான மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, "உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க அய்யா" என்று அவரோடு நானும் ஊதிக்கொண்டு வந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைத்துக்கொண்டார், அது என் அதிர்ஷ்டம்.

சீனியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு சாவியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கேள்வி: இன்னும் எந்தெந்தப் படிப்பு படித்தால் சீக்கிரம் எடுப்பார்கள்? ஏ.சி.எல்.எஸ். சேரலாமா? கட்டணம் அதிகமாக இருக்கிறது.

வேண்டாம், இப்போது வேண்டாம். ஏ.சி.எல்.எஸ். இதயத் துடிப்பின் வரைபடத்தைப் படித்து மருந்து கொடுக்கிறவர்களுக்கானது. அடிப்படை நிலை இ.எம்.டி.க்கு அந்த மருந்துகளைக் கொடுக்கப் பொதுவாக அனுமதி கிடையாது. உங்கள் கையில் இருக்கும் பி.எல்.எஸ்., அதாவது அடிப்படை உயிர்காக்கும் பயிற்சி, அட்டையின் தேதியைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் காலாவதியாகும். காலாவதியான அட்டையோடு வருபவரை எத்தனை பேர் தெரியுமா நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்?

காசு இருந்தால் விபத்துக் காயங்களுக்கான பயிற்சிகளான பி.எச்.டி.எல்.எஸ். அல்லது ஐ.டி.எல்.எஸ்., இரண்டில் ஒன்று. நோயாளியை முழுசாக ஒருமுறை பார்க்கும் வரிசையை அது உடம்பில் ஏற்றிவிடும். காசு இல்லையென்றால் ஓட்டுநர் உரிமம். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டவும் தகுதி உள்ள இ.எம்.டி. ஒருவர் வந்தால், டியூட்டி பட்டியல் போடுகிறவர் சந்தோஷத்தில் எழுந்து நிற்பார். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டும் சேவைகளில் உரிமம் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். அதற்கடுத்து, உங்கள் பகுதியில் புழங்கும் இன்னொரு மொழியில் பதினைந்து வாக்கியம். "எங்கே வலிக்கிறது?", "எப்போது ஆரம்பித்தது?", "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" இந்த மாதிரி. இதற்குக் கட்டணமே இல்லை.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். பயிற்சியில் மருத்துவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது வார்த்தை வரவில்லை. "என்னப்பா சொல்ற நீ?" என்று அவர் சலித்துக்கொண்டார். இதற்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.

ஹேண்டோவர், அதாவது நோயாளியை ஒப்படைப்பது, பேச்சுத் திறமை இல்லை, வரிசை. நிறையப் பேசுகிறவர்கள்தான் இதில் சொதப்புவார்கள், வீட்டுக் கதவு என்ன நிறம் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். கூச்சப்படுகிறவருக்கு இது சுலபம். வரிசையைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்துவிடலாம்.

யார், என்ன பிரச்சினை, எவ்வளவு நேரமாக, நாம் பார்த்தது என்ன, நாம் செய்தது என்ன, செய்த பிறகு எப்படி இருக்கிறார். இப்படி: "62 வயது ஆண். 40 நிமிடமாக நெஞ்சு நடுவில் அழுத்தம், இடது தோளுக்குப் போகிறது, வியர்வை. பி.பி. 150-க்கு 90, பல்ஸ் 96, மூச்சு 20, ஆக்ஸிஜன் அளவு 95. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், ஒவ்வாமை எதுவும் இல்லை. நெறிமுறைப்படி ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று சாப்பிட வைத்தோம், 10:20-க்கு. வலி எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியிருக்கிறது." மெதுவாகப் படித்தாலே அரை நிமிடம்தான்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கேஸைக் கற்பனையாக எழுதிக்கொள்ளுங்கள். போனில் 30 விநாடி வைத்துக்கொண்டு, வீட்டில் மருத்துவம் தெரியாத யாரிடமாவது சொல்லுங்கள், அம்மாவோ தம்பியோ. முடித்ததும் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வயது, பிரச்சினை, நீங்கள் கொடுத்தது, இந்த மூன்றும் திரும்பி வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். 20 நாள் செய்தால் வாய் தானாக ஓடும். நேர்காணலில் "ஒரு கேஸ் சொல்லுங்கள்" என்று கேட்கும்போதும் இதே வரிசைதான் உங்களுக்குக் கைகொடுக்கும். எண் எதுவும் நினைவில் தங்காது என்றால் கையுறை மேல் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், நான் இப்போதும் அப்படித்தான். கையுறையைக் கழற்றிப் போடுவதற்கு முன்னால் கேஸ் ஷீட்டில் ஏற்றிவிட வேண்டும், மறந்தால் அதுதான் ஆபத்து.

மருத்துவர் சலித்துக்கொண்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் வந்திருப்பார்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது. பத்து வருடம் தையல் வேலை பார்த்தேன். கணவர் இறந்த பிறகு இந்தப் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் எல்லோரும் 20 வயதுப் பிள்ளைகள். "உங்களை யாரம்மா எடுப்பார்கள்?" என்று ஒரு பையன் கேட்டே விட்டான். தூக்கும் வேலையும் பயமாக இருக்கிறது.

அம்மா, அந்தப் பையனுக்கு இந்தத் தொழிலின் வரலாறு தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் இறுதிச் சடங்கு நடத்துகிறவர்களின் வண்டிதான். படுத்துக்கொண்டு போக இடமிருந்தது, அவ்வளவே. பிட்ஸ்பர்க் நகரில் போலீஸ் வேனில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோவார்கள். 1967-இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பயிற்சியை வடிவமைத்தவர் பீட்டர் சேஃபர் என்ற மருத்துவர், சி.பி.ஆர். முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய 11 வயது மகள் ஆஸ்துமாவில் இறந்துபோயிருந்தாள். அவர் யாரைச் சேர்த்துக்கொண்டார்? ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின மக்களை. வேலை கிடைக்காதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள். 'வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்' என்று ஊர் முத்திரை குத்திய ஆட்களுக்குச் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றினார். அந்த நாட்டில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் பாராமெடிக் (ஆம்புலன்ஸில் உயர்நிலைச் சிகிச்சை தருபவர்) குழுக்களில் அதுவும் ஒன்று. பிறகு அங்கே மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கேரோலைன் எழுதிய பாடப்புத்தகத்தைத்தான் ஒரு தலைமுறை பாராமெடிக்குகள் படித்தார்கள்.

கதை நல்லபடியாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. பழைய ஆட்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். நிலைத்து நின்ற ஜான் மூன் அந்த நகரச் சேவையின் துணைத் தலைவர் பதவி வரை போனார்.

இனி உங்கள் விஷயம். 36 வயது எனக்கு லாபம். துணி வெட்டும் கை நிதானமான கை. கட்டுப் போடும்போது அது தெரியும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குள் நுழையும்போது 20 வயதுப் பிள்ளைக்கு என்ன பேசுவது என்று தெரியாது, உங்களுக்குத் தெரியும். இதை நேர்காணலில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தூக்குவதற்குப் பயிற்சி தேவை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. இந்த வேலையை விட்டுப் போகிறவர்களில் எனக்குத் தெரிந்து பாதிப் பேர் முதுகு போய்த்தான் போனார்கள், அவர்களில் அநேகம் பேர் பலசாலி ஆண்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி, தூக்கிய பிறகு இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் எண்ணுவார், மற்றவர் அதற்கு மட்டும் அசைவார். வீட்டில் இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய குடங்களோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள், இரண்டு மாதம். கனம் அதிகம் என்றால் "இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் ஆளை நான் இரண்டு மதிப்பெண் கூட்டித்தான் எடுப்பேன்.

கேள்வி: பயிற்சியில் ஒரு விபத்து கேஸில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். நேர்காணலில் இதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், கேட்டால். "எனக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது" என்பவரைத்தான் நான் நம்புவதில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போகாதீர்கள். தலை கிறுகிறுத்தால் விழுவதற்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள், "ஒரு நிமிஷம்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லுங்கள். கண்ணைக் காயத்தில் வைக்காமல் நோயாளியின் முகத்திலும் நெஞ்சிலும் வைத்து மூச்சை எண்ணுங்கள். வேலை இருக்கும் கண்ணுக்கு மயக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. எனக்கு ரத்தம் ஒன்றும் செய்யாது, எரிந்த முடியின் வாடை மட்டும் இன்றைக்கும் குடலைப் பிரட்டும்.

கேள்வி: பயிற்சி நாட்களில் வண்டிக்குள் எடுத்த படங்களைச் சமூக வலைத்தளத்தில் போட்டிருக்கிறேன். நிறைய விருப்பங்கள் வந்திருக்கின்றன. இது வேலைக்கு உதவுமா?

இதைப் படித்து முடித்ததும் எல்லாவற்றையும் அழியுங்கள். ஒன்றில் ஸ்ட்ரெச்சரில் யாருடைய கால் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் யாருடையது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். விண்ணப்பம் வந்தால் நாங்கள் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: வெளிநாட்டில் இ.எம்.டி.க்கு நல்ல சம்பளம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நேரடியாகப் போய்விடலாமா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தேசியப் பதிவேட்டின் தேர்வு ஒரு பக்கம், மாநில உரிமம் இன்னொரு பக்கம். பிரிட்டனில் 'பாராமெடிக்' என்ற பெயரே சட்டப்படி காக்கப்பட்டது, எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே கூடாது. எனவே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் இல்லை. "எந்த அமைப்பின் உரிமம், என் சான்றிதழை அது ஏற்குமா, எழுதிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்த அமைப்பின் தளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் உங்களுக்கு எழுதினேன். வேலை கிடைத்துவிட்டது! திங்கட்கிழமை முதல் ஷிப்ட். என்ன எடுத்துப் போக வேண்டும்?

வாழ்த்துகள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், இரண்டு பேனா, சின்ன டார்ச், மாற்றுச் சட்டை ஒன்று, சாப்பாடு. ஷூ புதிதாக வாங்கியிருந்தால் இன்றைக்கே போட்டு வீட்டுக்குள் நடங்கள், திங்கட்கிழமை கால் கடிக்க ஆரம்பித்தால் 12 மணி நேரம் தாங்காது.

அரை மணி நேரம் முன்னால் போங்கள். போகிற ஷிப்ட் ஆள் "எல்லாம் சரி" என்பார். நன்றி சொல்லிவிட்டு, வண்டிக்குள் ஏறி, சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பாருங்கள், வாயில் சேரும் சளி, ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன் மெஷினைப் போட்டு விரலை வைத்துப் பாருங்கள், ஆம்பு பேக்கில் பெரியவர், குழந்தை இருவருக்கும் மாஸ்க் இருக்கிறதா பாருங்கள், குளுக்கோமீட்டர் பட்டைகளின் தேதியைப் பாருங்கள். பக்கத்து ஆள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். சிலிண்டர் சாவி எங்கே தொங்குகிறது என்று மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.